பணிய லயமும் பதினொரு பெட்டிகளும்

நான் எழுதிய கம்ப்யூட்டர் நிரலில் பதினொரு வகைப் பெட்டிகள் இருக்கின்றன: மழை, வெடிப்பு, நேற்றைய அளவு, மூன்று நாள் கூட்டு, கழித்தல், விடக் கூடினால், இரண்டும், ஏதாவது ஒன்று, காத்திரு, எழுதிவை, சங்கு. வேண்டிய பெட்டிகளைத் திரையில் எடுத்து வைத்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கம்பி இழுத்துவிட்டால், எங்கள் தோட்டத்துப் பணிய லயத்தில் இருப்பவர்கள் எப்போது வீட்டை விட்டு வெளியேற வேண்டும் என்பதை அது சொல்லும். இன்று காலையும் சோதித்துப் பார்த்தேன். பிழை இல்லை. பணிய லயத்தில் பன்னிரண்டு காம்பராக்கள், குடும்பத்துக்கு ஓர் அறை. பன்னிரண்டிலும் ஆட்கள் இருக்கிறார்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்கள் இரண்டு உண்டு. மேலே இருப்பது மேட்டு லயம், கீழே இருப்பது பணிய லயம். நான் பிறந்தது பணிய லயத்தில், நான்காம் காம்பராவில். இப்போது அங்கே அக்கா இருக்கிறார். நான் தோட்ட ஆபீசில் கிளாக்கராக வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஆபீசுக்குப் பின்னால் இருக்கும் குவாட்டர்சில் தனியாக இருக்கிறேன். ஆபீஸ் முற்றத்தில் மழைமானி இருக்கிறது. காலை ஆறு மணிக்கு அதில் சேர்ந்த நீரை அளந்து கொப்பியில் எழுதுவது என் வேலைகளில் ஒன்று. எழுதத் தொடங்கியதிலிருந்து இது பத்தொன்பதாவது கொப்பி. காய்ச்சலில் கிடந்த இரண்டு நாட்களைத் தவிர விடுபட்ட நாள் இல்லை. அந்த இரண்டு நாட்களுக்கும் காரணம் எழுதியிருக்கிறேன்.

லயத்துக்குப் பின்னால் இருக்கும் ஆறாம் நம்பர் மலையில் வெடிப்பைக் கண்டது அக்காதான். கொழுந்து எடுத்துக்கொண்டே நகர்ந்தபோது வலது கால் கணுக்கால் வரை மண்ணுக்குள் போயிருக்கிறது. குழி என்று நினைத்து, செடியை விலக்கிப் பார்த்தபோது அது குழி இல்லை. நிரை நெடுக ஓடும் ஒரு கோடு. இரண்டு நாட்களில் அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், லயத்துச் சுவரில் ஓர் அறிவித்தல் ஒட்டினார்கள். பணிய லயம் ஆபத்தான இடம், அங்கே இருப்பவர்களுக்கு வேறு இடத்தில் வீடு கட்டித் தரப்படும் என்று ஒரு லிஸ்ட் எடுக்கப்பட்டது. காம்பராவில் குடியிருப்பவர்களின் பெயர்தான் லிஸ்டில் இருக்கும். காம்பராவை விட்டுப் போனவர்களின் பெயர் வெட்டப்படும். ஆபத்தான இடத்தில் இருப்பதால் வீடு, அதனால் வீடு கிடைக்கும் வரை ஆபத்தான இடத்தில் இருக்க வேண்டும். லிஸ்டை ஆபீசில் தட்டச்சு செய்தவன் நான்தான். அப்போது எனக்கு இது விளங்கவில்லை. இரண்டு பிரதிகள் எடுத்து, எழுத்துப்பிழை பார்த்து, கோப்பில் போட்டேன்.

பிறகு வெடிப்பின் இரு பக்கமும் ஒவ்வொரு முளை அடித்து, இடையே உள்ள தூரத்தைத் தினமும் அளந்து எழுதத் தொடங்கினேன். மழைக்கு ஒரு பத்தி, வெடிப்புக்கு ஒரு பத்தி.

நிரல் எழுதுவது எனக்குப் புதிதல்ல. ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்த காலத்தில் வேலைநாளும் சம்பளமும் பதியும் செக்ரோலுக்காகக் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். முதலில் எழுதியது முப்பது வரிகூட இல்லை. மூன்று நாள் மழையின் கூட்டு ஓர் அளவைத் தாண்டி, வெடிப்பும் விரிந்திருந்தால் எச்சரிக்கை காட்டும். லயத்து முற்றத்தில் எல்லோரையும் கூட்டி அதைக் காட்டினேன். கங்காணி கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்தார். ஒன்பதாம் காம்பராவில் இருப்பவர் அவர்.

"இதுல என்னங்க எழுதியிருக்கு?"

"எப்ப போவணும்னு எழுதியிருக்கு."

"யாரு சொன்னது?"

"கணக்கு சொல்லுது."

"யாரு போட்ட கணக்கு?"

நான் என்றேன். அவர் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "கிளாக்கரய்யா போடுற கணக்குல எனக்கு எப்பவும் ஒரு நாள் கொறையும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது அவர் கேட்டது நியாயமாகவே பட்டது. அவர்கள் உயிருக்கான கணக்கு அவர்களால் பார்க்க முடியாத இடத்தில் இருந்தது. எழுத்து வாசிக்க வராதவர்களும் விரலை வைத்துத் தொடர்ந்து போய்ப் பார்க்கக்கூடியதாக அது இருக்க வேண்டும். பெட்டிகளும் கம்பிகளும் செய்யத் தொடங்கியது அப்படித்தான்.

ஜன்னல், பொத்தான், எழுதும் கட்டம் போன்றவற்றை ஆயத்தமாகத் தரும் ஒரு விட்ஜெட் தொகுப்பை எடுத்துக்கொண்டேன். அதில் எல்லாம் இருந்தது, கம்பி மட்டும் இல்லை. கம்பியை நாமே வரைய வேண்டும். ஒரு பெட்டியின் புள்ளியில் மவுசை அழுத்தி இழுத்தால் பின்னாலேயே ஒரு வளைகோடு வர வேண்டும். மற்றொரு பெட்டியின் புள்ளியில் விட்டால் ஒட்ட வேண்டும், வெறும் இடத்தில் விட்டால் மறைய வேண்டும். பெட்டியை நகர்த்தினால் கம்பியும் கூடவே நகர வேண்டும். சொல்வதற்கு இவ்வளவுதான். செய்து முடிக்க ஏழு மாதங்கள் ஆயின. கம்பி ஒட்டியிருந்த பெட்டியை அழித்தால் நிரல் முழுவதும் செத்துப்போகும். அந்தக் கம்பி இல்லாத பெட்டியை இன்னும் தேடிக்கொண்டிருப்பதே காரணம் என்று கண்டுபிடிக்க மட்டும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். பெட்டிக்குள் தமிழ் எழுத்து அடங்கவில்லை. 'மூன்று நாள் கூட்டு' என்பதில் கடைசி எழுத்து ஓரத்தில் வெட்டுப்பட்டது. எழுத்தின் அகலத்தை அளந்த பிறகே பெட்டியை வரையும்படி மாற்றினேன். அளவைத் தரும் கம்பிக்கு நீலம், ஆம் இல்லை என்று சொல்லும் கம்பிக்குச் சிவப்பு. நீலத்தைச் சிவப்புப் புள்ளியில் விட்டால் ஒட்டாது.

ஞாயிறு காலையில் அக்கா குவாட்டர்சுக்கு வருவார். அவருக்குத் தன் பெயரை எழுதத் தெரியும், அவ்வளவுதான். முதல் நாள் அவரால் புள்ளியைப் பிடிக்கவே முடியவில்லை.

"கடுகு மாதிரி வச்சிருக்க. இத எந்தக் கண்ணால பாக்குறது?"

புள்ளியை இரண்டு மடங்கு பெரிதாக்கினேன். அடுத்த வாரம் பிடித்துவிட்டார். பிடித்ததும் அவர் செய்த முதல் வேலை, நான் இடமிருந்து வலமாக வரிசையாக வைத்திருந்த பெட்டிகளையெல்லாம் கலைத்ததுதான். மழைப் பெட்டியைத் திரையின் உச்சிக்குக் கொண்டுபோனார். வெடிப்பை அதற்குக் கீழே வைத்தார். மற்றவற்றை நடுவில் வைத்து, சங்கை அடியில் வைத்தார். புள்ளிகள் பெட்டியின் பக்கவாட்டில் இருந்ததால் கம்பிகள் சுற்றி வளைந்து சிக்கிக்கொண்டன.

"என்னக்கா இது?"

"மழ மேலேருந்துதானே வருது. பக்கத்து வீட்டுலேருந்தா வருது?"

அவர் வைத்திருந்தது ஆறாம் நம்பர் மலைதான். மேலே வானம், அதன் கீழ் வெடிப்பு, அடியில் லயம். புள்ளிகளைப் பெட்டியின் தலைக்கும் அடிக்கும் மாற்றி, கம்பி வளையும் கணக்கைத் திரும்ப எழுதினேன். இரண்டு மாத வேலை வீணானது. ஆனால் அதற்குப் பிறகு பணிய லயத்தில் யாருக்கும் படத்தை விளக்க வேண்டியிருக்கவில்லை. 'நேற்றைய அளவு' என்ற பெட்டியும் அக்கா சொல்லித்தான் வந்தது. நேற்றுப் பெய்தது மண்ணுக்குள்தானே இருக்கிறது, அது எங்கே போயிற்று என்று கேட்டார். எந்த அளவுக்கு மேல் ஆபத்து என்ற எண்களையும் நாங்கள் இருவரும் சேர்ந்துதான் போட்டோம். பழைய கொப்பிகளில் பெருமழை நாட்களை நான் வாசிக்க, அன்று லயத்துக்குப் பின்னால் ஊற்று கலங்கி வந்ததா, தெளிந்து வந்ததா என்று அவர் ஞாபகத்திலிருந்து சொன்னார்.

ஒருநாள் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்:

"எல்லாப் பெட்டிக்கும் அடியில புள்ளி இருக்கு. சங்குக்கு மட்டும் இல்லியே?"

"அதுதான்க்கா கடைசி. அதுலேருந்து வெளிய போக ஒண்ணும் இல்ல."

"நாங்க போவணும்ல?"

மேலே பள்ளிக்கூடத்துக்கு, அதிபரிடம் பேசிச் சாவி ஒன்று வாங்கியிருக்கிறேன் என்றேன்.

"மழ விட்ட பொறவு?"

நான் அடுப்பை மூட்டினேன். அக்கா தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

சங்கு என்பது பெக்டரிச் சங்குதான். காலை ஏழு மணிக்குப் பெரட்டுக்கு ஊதுவது அது. பெரட்டு என்பது வேலைக்கு ஆட்களைப் பிரித்து அனுப்பும் இடமும் நேரமும். பெரட்டுக் களம் பணிய லயத்துக்கும் கீழே, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. தோட்டத்து எலெக்ட்ரீசியன், தோட்ட மேனேஜரான தொரையிடம் கேட்டு, ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து சங்குக்கு இணைப்புக் கொடுத்தார். மூன்று முறை நீளமாக ஊதினால் உடனே மேலே பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். இதைப் பன்னிரண்டு கதவுகளுக்கும் போய்ச் சொன்னேன். கதவுகளில் தாளும் ஒட்டினேன். யார் வீட்டில் யாரிடம் சொன்னேன் என்பதும் என் நாட்குறிப்பில் இருக்கிறது.

அந்த நாள் வந்தபோது மூன்றாவது நாளாக மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஆறு மணிக்கு அளந்தேன். வெடிப்பைப் போய் அளந்து வந்தேன். இரண்டையும் அடித்தேன். நீலக் கம்பிகளில் எண்கள் இறங்கின, 'விடக் கூடினால்' பெட்டிகள் இரண்டும் நிறம் மாறின, 'இரண்டும்' சிவந்தது. 'காத்திரு' பெட்டி பத்து நிமிடங்களை எண்ணத் தொடங்கியது. தவறு என்றால் அதற்குள் நிறுத்தலாம். எண்களைக் கொப்பியோடு இரண்டு முறை ஒப்பிட்டேன். நிறுத்தவில்லை. சங்கு ஊதியது. மூன்று முறை, நீளமாக, நான் எழுதியபடியே.

சாவியை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பாதை பிரியும் மேட்டில் போய் நின்றேன். அங்கிருந்து லயம் தெரியும். கதவுகள் திறந்தன. ஆட்கள் வெளியே வந்தார்கள். தலையை மூடிய கொங்காணி, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு, முதுகில் கூடை. வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கீழே இறங்கிப் போனார்கள். ஒருவர்கூட மேலே ஏறவில்லை.

கொழுந்து கூடிய காலத்தில் சங்கு முன்னதாக ஊதுவது எங்கள் தோட்டத்து வழக்கம். கரண்ட் ஏறி இறங்கும் நாட்களில் அது விட்டு விட்டு ஊதும். பல வருடங்களாக அப்படித்தான். மழை நாளில் மூன்று முறை ஊதினால் கரண்ட் சரியில்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். நானும் அந்தச் சங்குக்கு எழுந்து வளர்ந்தவன்தான். நிரல் எழுதிய அத்தனை மாதங்களில் ஒரு தடவைகூட இது என் ஞாபகத்துக்கு வரவில்லை. மலை சரிந்தால் மண் லயத்தைத் தாண்டி விழும் இடம் பெரட்டுக் களம். எல்லோரையும் அந்த இடத்தில் ஒன்றாகக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன்.

ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது கங்காணி அன்றைய வேலைக்குப் பேர் போட்டு முடித்திருந்தார்.

"என்னங்க கிளாக்கரய்யா, ஆபீசு கடியாரம் முன்னுக்கு ஓடுதா?"

"இது பெரட்டுச் சங்கு இல்ல. மூணு தடவ ஊதுச்சே, கேக்கலியா? எல்லாரும் மேல ஸ்கூலுக்குப் போங்க."

"பேரு போட்டாச்சுங்களே. பேரு போட்ட பொறவு மலைக்குத்தான் போவணும்."

"ஸ்கூலுக்கா?" என்றாள் ஆறாம் காம்பராப் பெண். "நான் அஞ்சாப்போட நின்னவ. மிச்சத்தையும் படிச்சுட்டு வரச் சொல்றாரு போல."

மழையிலும் சிரிப்பு எழுந்தது. அக்கா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "நீ ஆபீசுக்குப் போ தம்பி, நனையிற" என்று மட்டும் சொன்னார். கங்காணி ஆட்களைக் கொழுந்து எடுக்க மூன்றாம் நம்பர் மலைக்கு அனுப்பினார். பதினொரு மணிக்கு மழை விட்டது. மலை சரியவில்லை. பகலுக்கு வெயில் அடித்தது.

அடுத்த நாள் தொரையிடம் போனேன். சங்கை மட்டும் நம்ப முடியாது, மழைக்காலம் முடியும் வரை பணிய லயத்துக் குடும்பங்களைப் பள்ளிக்கூடத்தில் வைத்தால் அவர்கள் பெயர் லிஸ்டில் அப்படியே இருக்குமா என்று கேட்டேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. உட்காரச் சொன்னார்.

"லிஸ்ட் நம்ம கையில இல்ல கிளாக்கர். அங்க இருக்கிற ஆளுக்கு வீடு. இல்லாத ஆளுக்கு எப்படிக் கேக்கிறது?"

எழுதிக் கேட்கலாமா என்றேன். எழுதச் சொன்னார். எழுதினேன். பதில் வரவில்லை. ஞாபகமூட்டி இன்னும் மூன்று கடிதங்கள் எழுதினேன். பிரதிகள் இருக்கின்றன.

நிரலைத் திரும்பவும் பெட்டி பெட்டியாகச் சோதித்தேன். ஒவ்வொன்றும் சரியான அளவைத்தான் கொடுத்திருந்தது. எங்காவது ஒரு பிழை அகப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒரு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, அக்கா வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

"தம்பி, அந்தச் சங்குக் கம்பிய எடுத்துரு."

"ஏன்க்கா?"

"மடுவத்துல கொழுந்து நிறுக்க நிக்க முடியல. 'ஒந்தம்பி ஊதப் போறதுன்னா முன்னாடியே சொல்லு, குளிச்சிட்டு வர்றேன்'ங்கிறாளுக."

"கணக்கு தப்புன்னு நெனைக்கிறியா?"

"கணக்கு எப்படித் தப்பாவும்? நானும்தானே போட்டேன்."

மவுசை அவரே எடுத்தார். சங்கின் தலையில் இருந்த சிவப்புக் கம்பியின் நுனியைப் பிடித்து இழுத்தார். வெறும் இடத்தில் விட்டிருந்தால் கம்பி மறைந்திருக்கும். விடவில்லை. கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்துவிட்டு, பக்கத்தில் இருந்த 'எழுதிவை' பெட்டியின் புள்ளியில் கொண்டுபோய் ஒட்டினார்.

"இதுல கெடக்கட்டும். நீ எழுதிக்கிட்டாவது இரு."

அன்றிலிருந்து எச்சரிக்கை வரும்போது சங்கு ஊதுவதில்லை. கோப்பில் ஒரு வரி சேரும்: திகதி, நேரம், மழை, வெடிப்பு. இன்று வரை ஏழு வரிகள் சேர்ந்திருக்கின்றன.

நான்காவது வரி சேர்ந்த காலையில் என்னால் ஆபீசில் இருக்க முடியவில்லை. ஒரே நாளில் வெடிப்பு இரண்டு சென்ரிமீற்றர் கூடியிருந்தது. லயத்துக்குப் போனேன். அக்கா படங்கு கட்டிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும், "எவ்வளவு?" என்றார். சொன்னேன். கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியை இழுத்துத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்ரிக் பையை எடுத்தார். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, விவாகப் பதிவு, ஈ.பி.எப். கார்டு, எங்கள் அப்பாவின் பிரஜாவுரிமைப் பத்திரம்.

"இத ஒன் குவாட்டர்சுல வை."

"இத எதுக்குக் குடுக்கிற? நீ வா. ரெண்டு ரூம் இருக்கு."

"நான் வந்தா லிஸ்டுல பேரு போயிரும். காயிதம் வந்தா போவாது."

கூடையை எடுத்து முதுகில் மாட்டிக்கொண்டு வெளியே போனார். நான் பையோடு அந்தக் காம்பராவில் கொஞ்ச நேரம் நின்றேன். பின்சுவரில் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறியிருந்தது.

அன்று மாலை ஐந்தரைக்கு ஆறாம் காம்பராப் பெண் குவாட்டர்ஸ் வாசலில் நின்றாள். சேலைத் தலைப்புக்குள் ஒரு பை. "அக்கா குடுத்தாங்களாமே" என்றாள். கேலி செய்யவில்லை. மறுநாள் கங்காணி வந்தார். அந்த வாரத்துக்குள் பன்னிரண்டு காம்பராக்களிலிருந்தும் வந்துவிட்டன. ஏழாம் காம்பராப் பெரியவர் கொண்டுவந்தது ஒரே ஒரு தாள், அவர் மனைவியின் மரணச் சான்றிதழ். மற்றதெல்லாம் எங்கே என்று கேட்டேன். "இதுதாங்க இருக்கு" என்றார்.

என் அலுமாரியின் மேல் தட்டைக் காலி செய்து, ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை இலக்கமிட்டு வரிசையாக வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பையிலும் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எழுதி உள்ளே போட்டிருக்கிறேன். ஈரம் ஏறாமல் இருக்க அடியில் பலகை வைத்திருக்கிறேன். கணக்கை அவர்கள் எல்லோரும் நம்புகிறார்கள் என்பது இந்தத் தட்டைப் பார்த்தால் தெரியும். நிரல் சொன்னபடி பணிய லயத்திலிருந்து மேலே ஏறி வந்தவை இவைதான்.

சங்குப் பெட்டி இன்னும் திரையின் அடியில் இருக்கிறது. அதற்குக் கம்பி இல்லை. அழிக்கலாம், இப்போது அழித்தால் நிரல் சாகாது. அழிக்கவில்லை.

வியாழக்கிழமை அக்கா கிளினிக் போக வேண்டும் என்று அடையாள அட்டையைக் கேட்டு வந்தார். நான்காம் பையிலிருந்து எடுத்துக் கொடுத்து, கொப்பியில் கையெழுத்து வாங்கினேன். தன் பெயரை மெதுவாக எழுதினார். அக்கரப்பத்தனைக்குப் போகிற பஸ்ஸில் போய், மூன்று மணி பஸ்ஸில் திரும்பினார். ஏறி வந்த மூச்சு அடங்கவில்லை. மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது.

"உள்ள வந்து உக்காரு. தேத்தண்ணி போடுறேன்."

"வேணாம். மழைக்கு முன்னாடி இதக் குடுத்துட்டுப் போயிருவோம்னு வந்தேன்."

அட்டையை என் கையில் வைத்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு லயத்துக்கு இறங்கிப் போனார். அட்டையைப் பையில் போட்டு, பட்டியலோடு ஒப்பிட்டு, திரும்ப வந்த நேரத்தை எழுதினேன். மூன்று நாற்பது.